வால் முளைத்த புள்ளிகள்

என் மனைவியை ஆஸ்பத்திரியில் எல்லாரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் அச்சாகி வரும், அதோடு சரி. பல் தேய்த்துக்கொண்டே துணி மடிப்பாள். சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைப் போட்டுவிட்டு வருவாள். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்குள் ரெண்டு தடவை வெளியே போய்வந்து, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று என் உயிரை வாங்குவாள். எனக்கு முன்கோபம் அதிகம் என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த ஒருத்தியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறவனுக்கு முன்கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். அவளை முதன்முதலில் பார்த்ததே லிஃப்டுக்குள்தான். ஆஸ்பத்திரி லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். கதவை நெம்பித் திறந்தால், ரத்தக் குழாய்கள் அடுக்கிய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். எல்லாப் பொத்தானும் எரிந்துகொண்டிருந்தது. அபாய மணியைக்கூட விடவில்லை.

"சும்மா இருந்திருந்தா அதுவாவே கிளம்பியிருக்கும்" என்றேன்.

"சும்மா எப்படிங்க இருக்கறது?" என்றாள். நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்காமல் கல்யாணம் செய்துகொண்டேன்.

அந்த நாளில் வார்டு வார்டாக ஓடி ரத்தம் எடுப்பதுதான் அவள் வேலை. அவளுக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தது அந்த வேலை. ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பாள், பஞ்சை அழுத்துவதற்குள் அடுத்த கட்டிலில் இருப்பாள். நன்றாக வேலை செய்கிறவளை நன்றாக இருக்கும் இடத்திலேயே விட்டு வைப்பார்களா? எங்கள் மகள் பிறந்த பிறகு, மேல்மாடியில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் அவளுடைய சோதனைக்காலம் ஆரம்பித்தது.

மேல்மாடியில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆயிற்று. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னதைத் துண்டு துண்டாகச் சேர்த்து நான் புரிந்துகொண்டது இதுதான். உடம்புக்கு ஞாபகம் உண்டு. தடுப்பூசி போட்டால் ரத்தத்தில் இருக்கும் சில வெள்ளணுக்கள் அந்தக் கிருமியின் முகத்தை மனசில் வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் வேலை எதுவும் செய்யாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மெமரி பி செல் என்று பெயர். அந்தக் கிருமி திரும்பி வந்தால் அடையாளம் கண்டு, எதிர்ப்புப் பொருளை அள்ளி அள்ளி விடும். அப்படிப்பட்ட செல் ஒருவர் ரத்தத்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதுதான் மேல்மாடியின் வேலை.

எண்ணுவது என்றால் சட்டென்று எண்ணிவிட முடியாது. தூங்குகிற செல்லும் தூங்குகிற ஆளும் ஒன்று. பார்த்தால் யாருக்கு என்ன தெரியும் என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, சத்துநீரில் போட்டு, உசுப்பிவிடும் மருந்து கலந்து, கிட்டத்தட்ட ஒரு வாரம் வளர்ப்பார்கள். ஞாபகம் உள்ளவை விழித்துக்கொண்டு சுரக்க ஆரம்பிக்கும். பிறகு சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டில் அவற்றை விடுவார்கள். குழியின் அடியில் இருக்கும் வெள்ளைப் படலத்தில் அந்தக் கிருமியின் சரக்கு ஏற்கெனவே பூசியிருக்கும். செல் எந்த இடத்தில் உட்கார்ந்து சுரக்கிறதோ, அதற்கு நேர் கீழே அது விட்ட எதிர்ப்புப் பொருள் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் செல்லைக் கழுவிவிட்டுச் சாயம் ஊற்றினால் அந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். ஒரு புள்ளி, ஒரு செல். புள்ளிகளை மெஷின் எண்ணிச் சொல்லும்.

இதில் ஒரே ஒரு நிபந்தனைதான். அந்தத் தட்டு உடம்புச் சூட்டில், இன்குபேட்டருக்குள், ஒரு பகலோ ஒரு ராத்திரியோ அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் செல் இடம் மாறி உட்காரும், புள்ளி இழுபட்டுப்போகும். அதனால் தட்டை உள்ளே வைத்ததும் கதவின் குறுக்கே சிவப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். "தட்டு தூங்குது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அதன்பின் பக்கத்தில் இருக்கும் ஃப்ரிட்ஜைக்கூட அறைந்து சாத்த மாட்டார்கள். நாற்காலியை இழுக்க மாட்டார்கள், தூக்கித்தான் வைப்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் என் மனைவி. யாருடைய தலையெழுத்து என்று சொல்வது?

ஆனாலும் பழகிக்கொண்டாள். டேப் ஒட்டியதும் தட்டுக்கும் தனக்கும் நடுவில் ரெண்டு மாடி இருக்கும்படி கீழே இறங்கி வந்துவிடுவாள். கூட வேலை செய்யும் ஆள் அவளுக்கு நேர் எதிர். அவரை நிதானம் என்று கூப்பிடுவார்கள். ஒரு சொட்டு பிப்பெட்டிலிருந்து விழுவதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடும். பம்பரமும் நிதானமும் சேர்ந்து அந்தக் கூடத்தை நன்றாகத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் சின்னதுக்கு நோய் வந்தது. சின்னது என்றுதான் நாங்கள் மகளைக் கூப்பிடுவோம். ஏழு வயதில், ரத்தத்தில் வந்த நோய். அந்தக் காலத்தைப் பற்றி நான் அதிகம் பேச மாட்டேன், பேசினால் எனக்கு ஆகாது. கடைசியில் அம்மாவின் எலும்பு மஜ்ஜையை எடுத்து மகளுக்குக் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். "பம்பரத்தோட சரக்கு உள்ள போயிருக்கு, இனி இதுவும் ஒரு இடத்துல உட்காராது" என்று நான் ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். சிரித்துவிட்டு மாடிப்படியில் போய் அழுதேன்.

பிழைத்தாள், ஆனால் பழைய ஞாபகம் எல்லாம் போய்விட்டது. தலையில் இருக்கும் ஞாபகத்தைச் சொல்லவில்லை. குழந்தையாக இருந்தபோது போட்ட தடுப்பூசி எல்லாம் துடைத்து எடுத்தாற்போல ஆகிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து ஊசி போட்டார்கள். இடைப்பட்ட காலத்துக்கு, ஊரில் உள்ளவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருளை மாசாமாசம் டிரிப்ஸில் ஏற்றினார்கள். பள்ளிக்கூடம் கிடையாது, விளையாட்டு கிடையாது, வீட்டுக்கு யாரும் வரக்கூடாது. ஒன்பது வயதுப் பிள்ளை ஜன்னலில் உட்கார்ந்து, கீழே போகிற பிள்ளைகளின் பை என்ன நிறம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

குழந்தை டாக்டர் ஒரு விஷயத்துக்காகத்தான் காத்திருந்தார். சின்னதின் உடம்பு ஊசியைப் பாடம் படித்ததா இல்லையா? படித்திருந்தால் மாசாந்திர டிரிப்ஸை நிறுத்தலாம், பள்ளிக்கு அனுப்பலாம். சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. அதில் எதிர்ப்புப் பொருள் இருப்பதாகத்தான் வரும், ஆனால் அது ஊரார் கொடுத்த இரவல். சொந்தமாகக் கற்றுக்கொண்டதா என்று மெமரி பி செல்லை எண்ணித்தான் பார்க்க வேண்டும். டெட்டனஸ் ஊசியை வைத்து எண்ணுவார்கள். ஒரு கோடு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் புள்ளி வந்தால் பள்ளிக்கூடம், கீழே வந்தால் ஜன்னல்.

மஜ்ஜை மாற்றிய பன்னிரண்டு பிள்ளைகளின் ரத்தம் ஒரே சமயத்தில் மேல்மாடிக்கு வந்தது. குழாயில் பெயர் இருக்காது, எண்தான். எந்த எண் எந்தப் பிள்ளை என்பது கூடத்துக்குத் தலைவியான மேடத்துக்கு மட்டும்தான் தெரியும்.

"இந்தத் தடவை நீ ஒதுங்கிக்கோயேன்" என்றாராம் மேடம்.

"எது யாரோடதுன்னு எனக்குத் தெரியாதே மேடம். பன்னிரண்டையும் என் பிள்ளை மாதிரி பார்த்துக்கறேன்" என்றாளாம் இவள். மேடமும் சரி என்றுவிட்டார். சட்டப்படி அதில் தப்பு ஒன்றும் இல்லை.

செல்களைப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு குப்பியாகத் திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்தார்கள். ஒன்று இப்போதைக்கு, ஒன்று ஆபத்துக்கு. ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் ரத்தம் போதவில்லை, அதனால் ஒரு குப்பிதான். பன்னிரண்டையும் உருக்கி வளர்க்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் இவள் படுத்திய பாடு இருக்கிறதே. குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். அலமாரியில் இருந்த டப்பாவையெல்லாம் இறக்கித் துடைத்து, வேறு வரிசையில் அடுக்கி, எனக்கு உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாமல் செய்தாள்.

தட்டை இன்குபேட்டரில் வைத்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள்.

"ஏங்க, அடியில தண்ணித் தட்டு இருக்கும். அதுல தண்ணி ஊத்தினேனான்னு ஞாபகம் இல்ல" என்றாள்.

"என்ன தண்ணி?"

"இன்குபேட்டர்ல. தண்ணி இல்லன்னா உள்ள காத்து காய்ஞ்சிடும். ஓரத்துக் குழியெல்லாம் வத்திப்போயிடும்."

"நிதானத்துக்குப் போன் பண்ணிக் கேளு."

"அவர் கிளம்பியிருப்பாரு. வண்டியை எடுங்க."

அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பும் ஆட்களை எனக்குத் தெரியும். நானே ஒருமுறை லிஃப்ட் அறையைப் பூட்டினேனா என்று பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியிருக்கிறேன். அதனால் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்காவைச் சின்னதுக்குத் துணையாக வாசலில் உட்காரச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

மேல்மாடியில் நடைபாதை நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. சிவப்பு டேப்பை ஒரு முனையில் மெதுவாக உரித்தாள். இன்குபேட்டரைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள். மூடிவிட்டு வருவாள் என்று பார்த்தால் அப்படியே நின்றாள். கையை உள்ளே நீட்டினாள். பிறகு கதவைச் சாத்தி டேப்பை ஒட்டினாள்.

"தண்ணி இருந்துச்சா?" என்றேன்.

"இருந்துச்சு."

வண்டியில் என் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சிக்னலில் நிற்கும்போதுதான் சொன்னாள். "தண்ணி ஊத்தினது எனக்கு ஞாபகம் இருந்துச்சுங்க. அவ அதுக்குள்ள இருக்கா. ஒரு தடவை பார்க்கணும் போல இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். "பார்த்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

"பார்த்தேன். பார்க்கறதுக்கு என்ன இருக்கு, வெறும் தட்டு. லேசாத் தொட்டேன்."

மறுநாள் கழுவிச் சாயம் ஊற்றினார்கள். மெஷின் எண்ணியது. பன்னிரண்டு பிள்ளைகளும் கோட்டுக்கு மேலே. இப்படி ஒரு நாள் அந்தக் கூடத்தில் வந்ததே இல்லையாம். எது சின்னது என்று தெரியத் தேவையே இல்லை. எல்லாரும் என்றால் சின்னதும்தான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்றாள் பின்னால் என்னிடம். எனக்குப் போன் பண்ண எண்ணை அழுத்தியேவிட்டாளாம்.

நிதானம் மெஷின் சொல்கிற எண்ணை நம்புகிற ஆள் இல்லை. தட்டை லென்சுக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு குழியாக, அவருடைய வேகத்தில் பார்த்துக்கொண்டு போனார். நடுவில் நிறுத்தினார்.

"புள்ளிக்கு வால் இருக்கே" என்றார்.

இவள் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் மெலிசாக இன்னொரு புள்ளி, நடுவில் ஒரு கோடு. செல் முதலில் ஒரு இடத்தில் சுரந்திருக்கிறது, தட்டு நகர்ந்ததும் தள்ளிப்போய் உட்கார்ந்து மறுபடி சுரந்திருக்கிறது. மெஷின் ஒன்றை ரெண்டாக எண்ணியிருக்கிறது.

"யாராவது திறந்தாங்களா?" என்றார் நிதானம். டேப் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்ததை அவர் காலையிலேயே பார்த்திருக்கிறார். "லேசான வால்தான். கண்ணுக்குப் பழகலன்னா தெரியாது." மை பேனாவை மூடி பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அவள் மேடத்தின் அறைக்கு நடந்து போகவில்லை, ஓடினாள். நின்றால் மனசு மாறிவிடும் என்று பயந்து ஓடினேன் என்றாள்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை அக்கம்பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். கத்தினது நான்தான். "பன்னிரண்டு பேரும் பாஸ்னு வந்துச்சுல்ல? வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன? ஓடிப்போய்ச் சொல்லணுமா?"

"வால் இருந்துச்சுங்க."

"இருந்துட்டுப் போகட்டும். வால் இருந்தாலும் அவளோட புள்ளிதானே?"

"பாதிப் புள்ளி பொய். பொய்யா பாஸாகி, டிரிப்ஸை நிறுத்தி, ஸ்கூலுக்குப் போய், அங்க ஏதாவது ஒட்டிக்கிட்டு வந்தா? மறுபடி அந்த வார்டுக்கு என்னால போக முடியாது. உங்களால முடியுமா?"

என்னாலும் முடியாது. ஆனால் கோபம் வந்த வேகத்தில் அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு வேலை இல்லாத இடத்துக்கு வேலைக்குப் போனேன்.

ரெண்டாவது குப்பிகள் இருந்ததால் பதினோரு பிள்ளைகளுக்கு மறுபடியும் செய்யலாம். ஒரே குப்பி இருந்த அந்தப் பிள்ளைக்குத்தான் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டும். நாலு வயதுக் குட்டி. அவள் அம்மா தையற்கடை வைத்திருக்கிறவர். "நான் சொல்லிக்கறேன்" என்றாராம் மேடம். இல்லை, நான்தான் சொல்வேன் என்று இவள் அடம்பிடித்தாள். நானும் போனேன். தனியாக விட மனசில்லை.

காத்திருப்பு அறையில் அந்த அம்மாவின் சேலையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. குழந்தை அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. இவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். தட்டைத் தொட்டது, புள்ளி கெட்டது, மறுபடி ஊசி.

"எதுக்குத் திறந்தீங்க?" என்றார் தையற்கடை அம்மா.

"என் பொண்ணோடதும் அதுல இருந்துச்சு."

"உங்க பொண்ணோடது மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"என் பொண்ணோடது இல்ல."

"இல்லைங்க."

அவர் கொஞ்ச நேரம் சேலையிலிருந்து நூலைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார். நான் தரையைப் பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இதுக்கு நரம்பே கிடைக்காது" என்றார். "நாலஞ்சு இடத்துல குத்துவாங்க. அமுக்கிப் பிடிக்கிற ஆளோட ஒரு மாசம் பேசாது. இந்தத் தடவை நீங்க வந்து பிடிங்க. கோபம் உங்கமேல வரட்டும்."

இவள் பிடித்துக்கொண்டாள். குழந்தை எட்டி உதைத்தது, கழுத்தில் பிறாண்டியது, என் மனைவி வாழ்நாளில் கேட்டிருக்காத ஒரு வார்த்தையால் அவளைத் திட்டியது. நர்ஸ் ஊசியை உருவி எடுக்கிற வரைக்கும் இவள் ஒரு இம்மி அசையவில்லை. கழுத்துக் கீறலுக்கு மருந்து போட்டுக்கொள்ளவும் இல்லை.

இரண்டாவது தட்டை முழுக்க நிதானமே செய்தார். அது முடிகிற வரைக்கும் மேல்மாடியில் கால் வைக்கக்கூடாது என்று மேடம் இவளைப் பழைய வார்டு வேலைக்கு இறக்கிவிட்டார். தண்டனை மாதிரியும் இருந்தது, உதவி மாதிரியும் இருந்தது. நான் அந்த வாரம் ஆஸ்பத்திரி லிஃப்டுகளைப் பராமரிக்கப் போயிருந்தேன். கட்டிலுக்குக் கட்டில் ஓடுகிறவள், நடுவில் நின்று மேலே கூரையைப் பார்ப்பாள். அங்கே மின்விசிறியைத் தவிர ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தால் பாத்ரூம் குழாயைக் கழற்றுவாள். கழற்றத் தெரியும், மாட்டத் தெரியாது. நான் மாட்டுவேன். ஒட்டடை அடிப்பாள். இல்லாத ஒட்டடைக்கு எங்கே போவது என்று சின்னது கேட்டாள்.

"அம்மா, நீ கொஞ்சம் உட்காரேன். எனக்குத் தலை சுத்துது" என்பாள் சின்னது. அம்மா உட்காருவாள். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடும், கட்டில் ஆடும், கட்டிலோடு சின்னதும் ஆடுவாள்.

முடிவு வந்த அன்று மேடம் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். நிதானமும் கதவோரம் நின்றார். புள்ளிகள் எல்லாம் வட்டமாக, வாலில்லாமல், அழகாக வந்திருந்தன. எட்டுப் பிள்ளைகள் கோட்டுக்கு மேலே. தையற்கடை அம்மாவின் குட்டியும் அதில் ஒன்று.

"உங்க பொண்ணு கீழ இருக்கா" என்றார் மேடம். "சுத்தமா இல்லைன்னு இல்ல. கத்துக்க ஆரம்பிச்சிருக்கா. ஆனா இது போதாது. இன்னொரு சுற்று ஊசி போட்டு, ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

முதல் தட்டின் படமும் மேசையில் இருந்தது. இப்போது எண்ணும் பெயரும் சேர்ந்துவிட்டதால், அதில் சின்னதின் குழியைப் பார்க்க முடிந்தது. வாலையும் சேர்த்து எண்ணியதால்தான் கோட்டைத் தாண்டியிருக்கிறாள். வாலை வெட்டினால் அன்றைக்கும் இதே எண்தான். என் மனைவி ரெண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. என் கையிலிருந்த ஹெல்மெட்டின் வாரைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினோம். நீ செய்தது சரிதான் என்று அவளிடம் சொன்னேன்.

சின்னதிடம் நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டு அவளே சொன்னாள். சின்னது கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்டாள். அழவில்லை. அன்று நாங்கள் போட்ட சண்டை முழுவதும் அவள் காதில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"முதல் தட்டுல நான் பாஸ்தானே?" என்றாள்.

"அது தட்டு ஆடினதால வந்த பாஸ்."

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் ஸ்கூலுக்குப் போயிருப்பேன்."

"போயிருப்பே."

அதற்கப்புறம் இவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். எதற்காகச் சொன்னேன், போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், உன் நல்லதுக்குத்தான், இப்படி ஏதாவது. எனக்குச் சொன்ன காரணமெல்லாம் அவளிடம் இருந்ததே. ஒன்றையும் சொல்லவில்லை. சின்னது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கீழே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போகிற சத்தம் கேட்டது. என் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போர்வையைச் சரி செய்யவில்லை, தண்ணீர் எடுத்து வர எழுந்திருக்கவில்லை. தொட்டால் இன்னும் அழுவாள் என்று தெரிந்து கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அழுகை தானாக ஓய்கிற வரைக்கும் அப்படியே இருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ரொம்ப நேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே சின்னது கேட்டாள். "அடுத்த தடவையும் போய்த் திறப்பியா?"

இவள் யோசித்தாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிள்ளைகளிடம் நாம் அப்படித்தானே சொல்வோம்.

"திறக்கணும்னு தோணும்" என்றாள். "தோணாம இருக்காது. அதனால அன்னிக்கு என்னை இந்த ரூம்ல வெச்சுப் பூட்டச் சொல்லி அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்."

என்னிடம் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் நான் தலையை ஆட்டினேன்.

சின்னது திரும்பினாள். மூக்கைப் போர்வையில் துடைத்துக்கொண்டு, முதலில் அம்மாவை, பிறகு என்னை, மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"அப்பாதான் வண்டியை எடுத்தது" என்றாள். "ரூம் சாவி எங்கிட்ட இருக்கட்டும்."